ரெண்டு கோட் ரெட் ஆக்சைடு

வேம்புலி அண்ணாத்தேவும் எல்லம்மா அக்காவும் பேசிக்காம இருந்ததாலதான் எனக்கு தெனமும் ராத்திரி சோறு கெடச்சிது. சிரிக்கிறவங்க சிரிச்சிக்கங்க. நெசமா அதான் நடந்துச்சு.

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால, எலக்ட்ரிக் டிரெயின் நிக்கிற கார் ஷெட் காம்பவுண்ட ஒட்டின தெருவுல அவங்க ஊடு. கீழ அவங்க ரெண்டு பேரு. மாடியில தகரம் போட்ட ரூம்ல நான் வாடகைக்கு. வியாசர்பாடிக்காரன். எங்கம்மா போன அப்புறம் கூடப் பொறந்த அக்கா ஊட்ல கொஞ்ச நாள் இருந்தேன். ஒட்டல. மாமன் மூஞ்சிய பாத்தாலே சோறு எறங்காது. அதான் வேலைக்குப் பக்கமா இருக்கட்டும்னு இங்க வந்துட்டேன்.

வந்த மொத வாரமே எல்லம்மா அக்கா மாடிப்படிக்குக் கீழ நின்னு கூப்ட்டுது.

"ஜீவா, எறங்கி வா. ஒரு வாய் துன்னுட்டு போ."

அடடா, எவ்ளோ நல்ல ஊட்டுக்காரம்மான்னு ஓடி வந்தேன். செவுத்தோரம் வேம்புலி அண்ணாத்தே தட்ட வெச்சினு குந்தினு இருந்தாரு. அடுப்பாண்ட அக்கா. நடுவுல எனக்கு ஒரு தட்டு. மூணு பேரும் கைய நீட்டினா தொட்டுக்கலாம், அவ்ளோதான் அந்த ரூமு.

"ஜீவா, கொயம்புல உப்பு கரிக்குதான்னு கேளு" ன்னுச்சு அக்கா.

யார கேக்கறதுன்னு நான் சுத்திப் பாத்தேன். அண்ணாத்தே தட்ட பாத்துகினே, "சரியா கீதுன்னு சொல்லு" ன்னாரு.

நான் அவரயும் பாத்தேன், அக்காவயும் பாத்தேன். ரெண்டு பேரும் எனக்காகக் காத்துனு இருக்காங்க. "சரியா கீதாம்க்கா" ன்னேன்.

"அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்திக்க சொல்லு."

எனக்கு சோறு போட்டது பாசத்துல இல்ல, நடுவுல ஒரு ஆளு வோணும்னுதான்னு அன்னைக்கே வெளங்கிடுச்சு. இருந்தாலும் கீரக் கொயம்பும் கத்திரிக்கா வறுவலும் நல்லாதான் இருந்துச்சு. மறுநாளும் எறங்கி வந்தேன்.

எனக்கும் கோவம் வரும். ஒரு நாளு பொறுக்க முடியாம, "ஏன் அண்ணாத்தே, ஏன்க்கா, நான் இன்னா போஸ்ட்மேனா? வாயி கீதுல்ல ரெண்டு பேருக்கும், நீங்களே பேசிக்கங்களேன்" னு கத்திட்டேன். அன்னைக்கு சோறு முச்சூடும் சத்தமே இல்ல. ஃபேன் ஓடுற சத்தம், ஷெட்டுக்குள்ள டிரெயின நகத்துற சத்தம், அவ்ளோதான். எனக்கே தாங்கல. யாரும் கேக்காமலே, "ரசம் வோணுமான்னு அக்கா கேக்கறாங்க" ன்னேன். அண்ணாத்தே ஒடனே, "ஊத்த சொல்லு" ன்னாரு. அக்காவும் ஒடனே ஊத்துச்சு. அதுலேர்ந்து நான் வாய மூடினு என் வேலய பாத்தேன்.

ஏன் பேசிக்கறதில்லன்னு கேட்டா பெரிய கதன்னு நெனைக்காதீங்க. மண்ணூர்பேட்டையில எஸ்டேட் ஓரமா இவங்களுக்கு ஒரு கிரில் பட்டற இருந்துச்சு. அண்ணாத்தே வெல்டரு. கேட்டு, ஜன்னல் கிரில், மாடிப்படி கைப்பிடி எல்லாம் பண்ணுவாரு. கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து அக்காவும் அங்கதான் வேல. அவரு வெல்டிங் பத்த வெச்சி முடிச்சத இது உப்புத்தாள் போட்டு தேய்ச்சி, துரு ஏறாம இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிக்கும். அந்த செவப்பு பூசாம ஒரு கேட்டும் பட்டறய உட்டு வெளிய போனதில்ல. வாங்கினு போறவன் மேல பச்சயோ கறுப்போ எத வோணா அடிச்சிக்கட்டும், உள்ள இருக்கறது எல்லம்மா அக்கா அடிச்ச செவப்புதான். பொண்ணு சுதா பட்டறயிலதான் தவழ்ந்து வளந்துச்சு. இப்ப கட்டிக் குடுத்து ஓசூர்ல இருக்கு.

எடத்துக்காரன் பட்டறய காலி பண்ணச் சொல்லி பில்டருக்கு குடுத்துட்டான். கடைசி நாளு சாமான ஏத்தறப்ப அக்கா பெயின்ட் டின்னையும் பிரஷ்ஷையும் துணியில சுத்தி எடுத்து வெச்சிருக்கு. அண்ணாத்தேவுக்கு அன்னைக்கு இருந்த கடுப்புல எல்லாரு எதுருலயும், "அத்த இன்னாத்துக்குமே தூக்கினு வர? உன் பெயின்ட்டுக்கு இனிமே இன்னா வேல கீது?" ன்னு கேட்டுட்டாரு.

அவ்ளோதான். இத அக்காவே ஒரு நாளு கீர ஆஞ்சிகினே எங்கிட்ட சொல்லிச்சு. "அவரு வேல பூட்ச்சின்னா அத்த சொல்லிக்கட்டும். என் வேலய ஏன் சொல்றாரு? அத்தோட எனக்கு அவராண்ட பேச ஒண்ணியும் இல்லன்னு ஆயிட்ச்சி." கோவமா கூட சொல்லல. அப்பறம் கீரத் தண்ட வாசல்ல இருந்த ஆட்டுக்குப் போட்டுட்டு உள்ள போச்சு.

அவராவது வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். மாட்டாரு. "அவ பேசுனா நான் பேசறேன்" னு எங்கிட்ட சொல்லுவாரு. இரும்புல பொறந்த ஆளு. பட்டற போன அப்புறம் அவருக்கு வேலயும் இல்ல. பகல் பூரா ரெண்டு பேரும் அந்த ஒரே ரூம்ல. நான் வேல முடிஞ்சி வர்றப்ப ரெண்டு பேரும் வாசல பாத்துனு குந்தினு இருப்பாங்க. ஆளுக்கு ஒரு மூலையில. நான் செருப்ப கழட்டறதுக்குள்ள, "ஜீவா, சிலிண்டர் தீரப்போவுதுன்னு சொல்லு" ன்னு ஆரம்பிச்சிடும் அக்கா. காலையிலேர்ந்து சேத்து வெச்சிருக்கும். பாவமா இருக்கும். எரிச்சலாவும் இருக்கும்.

ஏரிக்கரயோரம் எவனோ பெரிய கம்பெனிக்காரன் குடோன் கட்டறான்னு எங்க பம்ப அங்க அனுப்பினாங்க. நான் காங்கிரீட் பம்ப் ஆபரேட்டரு. இடுப்புல ரிமோட்ட கட்டிகினு, பம்போட நீளமான கைய எங்க நீட்டணுமோ நீட்டி காங்கிரீட்ட எறக்குவேன். எல்லாரும் வேல முடிச்ச அப்புறம்தான் என் வேல. நான் ஊத்திட்டேன்னா உள்ள இருக்கறத அப்புறம் எவனும் பாக்க முடியாது.

அங்க களிமண்ணு. தோண்டுனா தண்ணி. அதனால அஸ்திவாரத்துக்கு இரும்பு பைலு போட்டாங்க. மூணு மாடி ஒசரம் வரும் ஒவ்வொரு இரும்பும். அத நேரா நிறுத்தி, மிஷினு சுத்தியால டொம்மு டொம்முன்னு அடிச்சி எறக்குவாங்க. இதுக்கு மேல போவ மாட்டேன்னு அது நிக்கிற வரைக்கும் அடிப்பாங்க. அப்புறம் மேல நீட்டினு இருக்கற தலய எல்லாம் ஒரே மட்டத்துல கேஸ் கட்டர்ல அறுத்துட்டு, ஒவ்வொரு தலயிலயும் வளச்ச கம்பிங்கள சுத்தி பத்த வெக்கணும். அதும் மேல கம்பிக் கூட்ட எறக்கி, பலக அடச்சி, நான் காங்கிரீட்ட ஊத்துனா ஒரு குழியில இருக்கற நாலு தலயும் ஒரே கட்டிக்குள்ள பூடும். அதுக்கு பேரு பைல் கேப்பு. தூணு அதும் மேலதான் ஏறும். பைலு சும்மா கீழ நின்னு முட்டுக் குடுத்தா போதாது. தல உள்ள போயி, அந்தக் கம்பியும் சேந்து காங்கிரீட்ட கெட்டியா புடிச்சிக்கணும். இல்லன்னா காத்தடிச்சி தூணு அசையற அன்னைக்கு ரெண்டும் தனித்தனியா ஆயிடும்.

அந்தக் கம்பி பத்த வெக்கறதுக்கு ஆளு பத்தலன்னு சூப்ரவைசர் பாண்டியன் பொலம்பினு இருந்தான். நான்தான் வேம்புலி அண்ணாத்தேவ கூட்டினு போயி உட்டேன். அவரு கேட்டு பண்ண ஆளு, பைல பாத்ததில்ல. ஆனா ரெண்டு தல பத்த வெச்சிக் காட்டினதும் இஞ்சினியரம்மா ரேகா சுத்தியால தட்டிப் பாத்துட்டு, "இவரே இருக்கட்டும்" னு சொல்லிட்டாங்க.

அந்த ஒரு மாசம் ஊடே மாறிடுச்சு. அண்ணாத்தே ராத்திரி சோத்துக்கு குந்துனா வாய் மூடாம பேசுவாரு. எங்கிட்டதான். ஆனா சத்தமா.

"மொத்த குடோனும் அந்தத் தலங்க மேலதான் ஜீவா நிக்கப் போவுது. ஒரு ஓட்ட உட்டேன்னு வெய்யி, அவ்ளோதான்."

அக்கா உப்பத் தவுர வேற கேள்வியும் கேட்டுச்சு. "ஒரு தலைக்கு எத்தினி கம்பின்னு கேளு." "குனிஞ்சே செய்றாரே, முதுவு வலிக்குதான்னு கேளு." முதுவு வலிக்குதான்னு கேட்டப்ப அண்ணாத்தே நிமுந்து குந்துனாரு. அப்புறம், "வலிக்கலன்னு சொல்லு" ன்னாரு. பொய்யி. மாடிப்படி ஏற முடியாம கைப்பிடிய புடிச்சினு நிப்பாரு, நானே பாத்தேன்.

ஐப்பசி மழ புடிச்சிக்கிச்சு. சனிக்கெழம ராத்திரி கொட்டினு இருந்துச்சு. அண்ணாத்தே நனஞ்ச தலய தொவட்டிகினே குந்துனாரு.

"ஏரிப் பக்கம் கீற குயி எல்லாம் முட்ச்சிட்டேன் ஜீவா. கூடு திங்கக்கெயமதான் எறக்குவாங்களாம். அது வரிக்கும் தலங்க எல்லாம் அம்மணமா நனஞ்சினு நிக்கும்."

அக்கா கரண்டிய அப்படியே நிறுத்துச்சு. "அம்மணமாவா?"

யார கேட்டுச்சுன்னு தெரியல. நான், "ஆமாக்கா, வெறும் இரும்புதான்" னேன். அக்கா எங்கயோ பாத்துகினே ஒரு கரண்டி கொயம்ப எனக்கு ரெண்டு வாட்டி ஊத்துச்சு.

ஞாயித்துக்கெழம மழ உட்டுச்சு. எனக்கு பூந்தமல்லி பக்கம் வேற சைட்ல ஊத்துற வேல. அண்ணாத்தே மச்சினன் ஊட்டு விசேஷத்துக்கு ஆவடி போயிட்டாரு. அக்கா கால் வலின்னு எங்கிட்ட சொல்லி அவருக்கு சொல்லச் சொல்லிட்டு ஊட்லயே இருந்துடுச்சு. நான் சாய்ந்தரம் திரும்பி வர்றேன், கொழாயாண்ட அக்கா கெரோசின் போட்டு வெரல தேய்ச்சினு இருக்கு.

"இன்னாக்கா இது?"

"ஒண்ணியும் இல்ல. அடுப்பு தொடச்சேன்."

கேஸ் அடுப்ப எவன்யா கெரோசின்ல தொடப்பான்? ஆனா மூஞ்சி தெளிவா இருந்துச்சு. இத்தன நாள்ல நான் பாக்காத மூஞ்சி. கேக்க மனசு வரல.

திங்கக்கெழம காலையில அண்ணாத்தே முன்னாடியே கெளம்பிட்டாரு. நான் எறங்கறப்ப அக்கா ஒரு தூக்கு குடுத்துச்சு. கருவாட்டுக் கொயம்பு வாசன. அவருக்கு உசுரு அது. பட்டற மூடின அப்புறம் அந்த ஊட்ல கருவாடு வேவவே இல்ல.

"இத்த குட்த்துடு. அப்பறம் ஜீவா... அவரு மூஞ்சி எப்டி கீதுன்னு பாத்துனு வா."

"எதுக்குக்கா?"

"பாத்துனு வான்னா பாத்துனு வாயேன். இன்னாவோ கேள்வி கேக்கறான்."

வெக்கப்பட்டுச்சு. அந்த வயசுல ஒரு பொம்பள வெக்கப்பட்டா எவ்ளோ அழகா இருக்குன்னு எனக்கு அன்னைக்குதான் தெரியும்.

சைட்டுக்குப் போனா ஒரே கூச்சலு. பாண்டியன் குழி மேட்ல நின்னுகினு கத்தறான். ரேகாம்மா பூட்ஸோட சேத்துல எறங்கி நிக்கறாங்க. நான் எட்டிப் பாத்தேன். ஏரிப் பக்கம் இருந்த குழிங்க பூரா, ஒவ்வொரு பைலு தலயும், ஒவ்வொரு கம்பியும், செவப்பு. கம்பி வளஞ்சி உள்ள திரும்பற சந்துல கூட ஒரு எடம் உடல. ஒரு சொட்டு வழியல. அவ்ளோ சுத்தமா ரெட் ஆக்சைடு அடிச்சிருக்கு.

"எவன்டா இத பண்ணான்?" னு பாண்டியன் கத்தினான். "வாச்மேன்! யோவ் முனியா! நேத்து எவன் வந்தான்?"

முனியன் தொப்பிய கழட்டினு வந்தாரு. "சார், நேத்து ஒரு..."

"நான்தான்" னாரு வேம்புலி அண்ணாத்தே.

எல்லாரும் திரும்பினாங்க. முனியன் வாயத் தொறந்தது தொறந்தபடி நின்னாரு. அண்ணாத்தே ஒரு பைலு தலயாண்ட குந்தினு இருந்தாரு. அந்த செவப்பத் தொடாம, பக்கத்துல கைய வெச்சினு பாத்துனே இருந்தாரு. அது யாரு கையின்னு அவருக்குத் தெரியாதா? எனக்கே தெரிஞ்சிதே! எல்லம்மா அக்கா கீழேர்ந்து மேலதான் பிரஷ்ஷ இழுக்கும், மேலேர்ந்து கீழ இழுக்காதுன்னு அவரே எங்கிட்ட பெரும பேசியிருக்காரு.

"ஏன்ணா, எங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?" ன்னாங்க ரேகாம்மா. சின்னப் பொண்ணுதான், ஆனா குரல ஒசத்தாம பேசுவாங்க. "வெளிய நிக்கிற இரும்புக்குத்தான் பெயின்ட்டு. இது காங்கிரீட்டுக்குள்ள போற தல. நடுவுல பெயின்ட் இருந்தா காங்கிரீட் இரும்ப புடிக்காது. வழுக்கும். லேசா துரு இருந்தா கூட பரவால்ல, பெயின்ட் இருக்கவே கூடாது."

"பயக்கம்மா" ன்னாரு அண்ணாத்தே. "கேட்டுக்கு அட்ச்ச பயக்கம். இரும்பு நனஞ்சினு நிக்குதேன்னு..."

"பயக்கமாம்! இவன வேலைய உட்டு அனுப்பிடலாம் மேடம்" னான் பாண்டியன்.

"இன்னைக்கு சாய்ந்தரத்துக்குள்ள எல்லாத்தயும் தேய்ச்சி எடுத்துடணும், வெள்ள வெளேர்னு இரும்பு தெரியணும். வந்து பாப்பேன். அதுக்கப்புறம்தான் கூடு எறங்கும். எடுத்துட்டா அவரே இருக்கட்டும். இல்லன்னா நீங்க சொல்றத பாக்கலாம்." சொல்லிட்டு ரேகாம்மா குத்தம்பாக்கத்துல இருக்கற இன்னொரு சைட்டுக்குக் கெளம்பிட்டாங்க.

எனக்கு பயம் வந்துச்சு, அண்ணாத்தே வேல போயிடுமேன்னு மட்டும் இல்ல. அந்தப் பொம்பள வாய்ல வராதத பிரஷ்ல சொல்லியிருக்கு. பட்டற மூடின நாள்லேர்ந்து மொத வார்த்த. அத இவரு தன் கையாலயே சொரண்டி எடுக்கணும். ஊட்ல அது காத்துனு கீது, மூஞ்சி எப்டி இருந்துச்சுன்னு நான் போயி சொல்லணும். நான் இன்னான்னு சொல்லுவேன்?

முனியன் என்ன ஓரமா இஸ்துனு போயி சொன்னாரு. "வெல்டரு சம்சாரம்னு சொல்லிச்சி. வேல பாக்கி கீது, இல்லன்னா மய்ல கெட்டுப் பூடும்னு சொல்லிச்சி. நான் இன்னாத்த கண்டேன்? ஒவ்வொரு குயியா எறங்கி துணி போட்டு தொடச்சி, அட்ச்சி, தார்ப்பா போட்டு மூடி, காஞ்சதும் திரும்பியும் எறங்கி ரெண்டாவது கோட்டு அட்ச்சிதுபா. பட்டினியா. நான் டீ வாங்கிக் குட்த்தா கூட வோணாம்னுட்ச்சி."

அப்புறம் பாண்டியன் அண்ணாத்தே கிட்ட வந்து நின்னான். கத்தின சத்தம் எல்லாம் எறங்கிப் போச்சு. அவனுக்கு அவன் அவசரம்.

"இந்தா பெர்சு. இவ்ளோத்தயும் நீ ஒரு நாள்ல எடுக்க முடியாது. முன் வரிசையில கீற குயிய மட்டும் தேச்சுடு. கடைசி வரிசையில கூட்ட எறக்கிடறேன். கூடு எறங்கிட்டா அந்தம்மா சேத்துல எறங்கி உள்ள பாக்குமா? நாளைக்கு இதோ ஜீவா ஊத்திடுவான். உள்ள பூட்டா எவன் கண்டான்? குடோன் இன்னா நாளைக்கேவா உய்ந்துடப் போவுது?"

அண்ணாத்தே செவப்பு தலங்கள ஒவ்வொண்ணா பாத்தாரு. அவரு மனசு எனக்குத் தெரிஞ்சிது. அப்படியே உட்டா அது உள்ளயே இருக்கும். அந்த குடோன் இருக்கற வரைக்கும், அவரு பத்த வெச்சதும் அக்கா அடிச்சதும் பூமிக்குள்ள ஒண்ணா இருக்கும். ஒரு பய சொரண்ட முடியாது. உடுங்க அண்ணாத்தே, உடுங்கன்னு எனக்கே வாய் வரைக்கும் வந்துச்சு.

"புடிக்காதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்ச்சில்ல" ன்னாரு அண்ணாத்தே.

"அதெல்லாம் புடிக்கும் பெர்சு..."

"புடிக்காதுன்னு தெரிஞ்சும் உள்ள வெச்சி மூடறதா? அப்டி நெறைய நாளு மூடி வெச்சாச்சிப்பா. போதும். கிரைண்டர் குடு."

கம்பி பிரஷ்ஷ மாட்டி கிரைண்டர ஆன் பண்ணாரு. மொத தலயில வெச்சாரு. செவப்புத் தூளு பொகையா எழும்பிச்சு. அத எழுப்பிகினே அவரு அழுதாரு. கண்ணாடி போட்டிருந்தா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டாரு போல. தெரிஞ்சிது.

நானும் என் பம்புக்கு கால் ஊன்ற எடம் பாத்துட்டு, ஒரு இரும்பு பிரஷ்ஷ எடுத்துனு குழிக்குள்ள எறங்குனேன். "நீ ஏறு, உன் வேலய பாரு" ன்னாரு. "என் வேல நாளைக்குதான்" னேன். கிரைண்டர் போவாத சந்துல நான் தேய்ச்சேன். எவ்ளோ அழுத்தமா அடிச்சிருக்கு தெரியுமா? போவவே மாட்டேங்குது. மதியம் கருவாட்டுக் கொயம்ப ரெண்டு பேரும் குழி மேட்லயே வெச்சி துன்னோம். அவரு ஒரு வாய் வெச்சிட்டு, "கருவாடு போட்டுக்கீறாளா" ன்னு தூக்குக்குள்ளயே பாத்துனு இருந்தாரு. அதுக்கப்புறம் துன்னல. எனக்கே தள்ளி உட்டாரு.

"ஜீவா, ஊட்ல சொல்லாத. அட்ச்சத பாத்தேன், நல்லா இருந்துச்சின்னு மட்டும் சொல்லு. எட்த்தத சொல்லாத."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நான் எப்டிடா சொல்றது?" ன்னாரு. கோவத்துல கேக்கல. நெசமாவே வழி தெரியாமதான் கேட்டாரு.

வெளிச்சம் மங்கறதுக்குள்ள முடிச்சிட்டோம். ரேகாம்மா வந்து ஒவ்வொரு குழியா எறங்கிப் பாத்தாங்க. பாண்டியன் சொன்ன மாதிரி இல்ல, கடைசி வரிசையிலயும் எறங்குனாங்க. கையால தடவிப் பாத்துட்டு, "சரிண்ணா. நாளைக்கு வந்துடுங்க" ன்னாங்க. வேல தங்கிடுச்சு. அண்ணாத்தே தலய மட்டும் ஆட்டினாரு. தண்ணித் தொட்டியாண்ட போயி சோப்பு போட்டு மூஞ்சி, கைய கழுவி, மாத்து சட்ட போட்டுகினாரு. என்னப் பாத்து, "தெரியுதா?" ன்னு கேட்டாரு. தெரியலன்னேன்.

ஊட்டுக்கு வந்தோம். அக்கா வாசல்லயே நின்னுகினு இருந்துச்சு. வெளக்கு போட்டு, தலைக்கு பூ வெச்சினு இருந்துச்சு. என்னதான் மொதல்ல பாத்துச்சு, இன்னா சேதின்னு. நான் சொல்ல ரெடி பண்ணி வெச்சிருந்த பொய்ய, "அண்ணாத்தே பாத்தாரு, நல்லா..." ன்னு ஆரம்பிச்சேன்.

அக்கா என் பேச்ச கேக்கல. அண்ணாத்தேவ பாத்துச்சு. காது மடலு, காதுக்குப் பின்னால, புருவம், நகக்கண்ணு. கிட்ட போயி அவரு காதோரம் முடிய வெரலால தொட்டு, அந்த வெரல வெளக்கு வெளிச்சத்துல பாத்துச்சு. முப்பது வருஷம் அந்தப் பெயின்ட்ட பூசினதும் அதுதான், பூசின கேட்டு கோணலா பூட்டா சொரண்டி எடுத்ததும் அதுதான். சொரண்டின தூளு எப்படி இருக்கும்னு அதுக்கு நான் போயி சொல்லணுமா?

"எட்த்துட்டியா?" ன்னுச்சு.

அவருகிட்ட. நேரா.

அண்ணாத்தே என்ன பாத்தாரு. நான் தலய குனிஞ்சிகினேன். இனிமே நான் எடுத்துச் சொல்ல ஒண்ணும் இல்ல.

"எட்த்துட்டேன்" னாரு.

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

"ஏன்?"

"பெயின்ட்டு இருந்தா காங்கிரீட்டு புடிக்காதாம்மே. வெறும் இரும்பாதான் இருக்கணுமாம். இல்லன்னா கயண்டுனு வந்துடுமாம். எனக்கே இன்னைக்குதான் தெரியும்."

அக்கா வெரல்ல இருந்த செவப்ப முந்தானையில தொடச்சிச்சு. மூஞ்சி சுருங்கிப் போச்சு. "அப்ப நான் அட்ச்சது தப்பா?"

"தப்புதான்" னாரு. அப்புறம் ரெண்டு கையயும் நீட்டி, "ஆனா ஒரு சொட்டு வயில எல்லம்மா. அப்டி அட்ச்சிருந்த. அத்த என் கையால எடுக்க வெச்சிட்டியேமே."

"நானா எடுக்க வெச்சேன்? பெயின்ட்டு ஆவாதுன்னு ஊட்ல ஒரு வார்த்த சொல்லிக்கீறியா நீ? அம்மணமா நிக்குது, அம்மணமா நிக்குதுன்னு இவனாண்ட ஒப்பாரி வெச்சியே, யாருக்குக் கேக்கறதுக்கு வெச்ச?"

"உனக்குக் கேக்கறதுக்குதான் வெச்சேன்!"

"அப்ப என்னாண்ட சொல்லியிருக்கணும்யா!"

"நீதான் பேச மாட்டேன்னு..."

"யாரு பேச மாட்டேன்னா? உன் பெயின்ட்டுக்கு இன்னா வேலன்னு நாலு பேரு எதுர்ல கேட்டது யாரு?"

"ஆமா கேட்டேன். அன்னைக்கு என் வாயில மண்ணு. கேட்டுட்டேன். இன்னா பண்ணணும்ன்ற?"

அடேங்கப்பா, அந்த தெருவே கேக்கற மாதிரி சண்ட. எதுர் ஊட்டு ஜன்னல்லாம் தொறந்துச்சு. சேத்து வெச்சதெல்லாம் வந்துச்சு, பட்டற, சுதா கல்யாணத்துல எவனோ சொன்ன சொல்லு, தீந்து போன சிலிண்டரு, முதுவு வலி. எனக்கு சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. நான் மெதுவா மாடி ஏறிட்டேன். சட்டைய கழட்டிப் போட்டுட்டு படியிலயே குந்தினு கேட்டேன். சண்ட மெதுவா எறங்கிச்சு. கதவு சாத்துற சத்தம். வென்னித் தண்ணி ஊத்துற சத்தம். "தலய இப்டி குடு, எண்ண வெக்கறேன்" ன்னு அக்கா. "கண்ல உய்ந்துடப் போவுதுமே" ன்னு அவரு. அப்புறம் தட்டு வெக்கிற சத்தம்.

கூப்பிடும்னு குந்தினு இருந்தேன். கருவாட்டுக் கொயம்பு மீதி சூடு பண்ற வாசன மேல வரைக்கும் வந்துச்சு. பசி. ஷெட்டுக்குள்ள ஒரு வண்டி உள்ள போச்சு, ஒண்ணு வெளிய வந்துச்சு. ஒருத்தரும் கூப்பிடல.

கடைசியா தண்ணி கொடத்த எடுத்துனு நானே எறங்குனேன். குடிக்கத் தண்ணி தீந்துடுச்சுன்னு ஒரு சாக்கு. கதவு ஒருக்களிச்சி இருந்துச்சு. ரெண்டு பேரும் எதுரும் புதுருமா குந்தினு துன்னுனு இருந்தாங்க. நடுவுல, நான் எப்பவும் குந்தற எடத்துல, கொயம்பு சட்டி இருந்துச்சு. அக்கா ஏதோ சொல்லுது, அவரு வாய்ல சோத்தோட சிரிக்கிறாரு. என் நெழல் விழுந்ததும் ரெண்டு பேரும் ஒண்ணா திரும்பினாங்க.

"இன்னாப்பா, இன்னா வோணும்?" ன்னு கேட்டுச்சு அக்கா.

இத்தன நாள்ல அந்த ஊட்ல என்ன யாரும் அப்படி கேட்டதில்ல.

"ஒண்ணியும் இல்லக்கா" ன்னுட்டு காலி கொடத்தோட மேல ஏறிட்டேன்.